சங்கற்பமும் படிப்பும்

சைவ வித்தியாசாலைகளிலே உயர்தர வகுப்புக்குக் கற்பிக்கும் ஆசிரியர்காள்!

பூசை தொடங்குமுன் சங்கற்பஞ் செய்தல் நமது வழக்கம். அதிலே வருஷம், அயனம், ருது, மாசம், பக்ஷம், திதி, வாரம், நக்ஷத்திரம் என்பன சொல்லப்படுகின்றன, இடஞ் சொல்லப்படுகின்றது, செய்யுங் கிரியை இன்னதெனக் குறிக்கப்படுகின்றது. வேண்டும் பயனுஞ் சொல்லப்படுகின்றது. ஆயினும், ஈற்றிலே "கரிஷ்யே", அதாவது "செய்வேன்", என்றே முடிக்கின்றோமன்றிப் "பெறுவேன்" என்று முடிப்பதில்லை. செயல் நம்முடையது, பயன் திருவருட்குரியது. சங்கற்பித்தவுடன் கிரியையும் தொடங்கிவிடுகின்றது.

இனி, நம் மாணாக்கரது சங்கற்பத்தை நோக்குவோம். தரம் 12 இலே கற்கும் ஒருவனை "உன் இலக்கு யாது?" என வினவின், "மூன்று பாடத்திலும் 'ஏ' எடுப்பேன், மருத்துவபீடம் புகுவேன்" என்பான். இது பயன், செயலன்று. அதுவும் அவன் கையிலுள்ள பயனன்று. 2001 ஆம் ஆண்டு தொடங்கிப் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொள்ளப்படும் இசட் புள்ளியாவது, ஒருவன் பெற்ற புள்ளியினின்றும் அப்பாடத்துக்குத் தோற்றியோர் புள்ளிகளின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறப்படுவது. அதன்மேல் மாவட்டக் கணக்கும் சேர்கின்றது. பிறர் எழுதும் விடைத்தாள்களைத் தன் சங்கற்பத்துள் அடக்க வல்லவன் யாவன்? சிறு தசமத்தால் இடந் தவறிய பிள்ளை, தான் ஒன்றுக்கும் உதவாதவனென்று மனமொடிந்து கிடப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அப்பிள்ளைக்குப் பயனையே இலக்கென்று கற்பித்தோர் பெற்றாரும் நாமுமல்லமோ?

"திங்கட்கிழமை மாலை 6 மணி தொடங்கி 8 மணி வரை, இரசாயனவியற் பழைய வினாத்தாளொன்றின் 50 பல்தேர்வு வினாக்களுக்கும் விடையெழுதுவேன், பிழைத்தவற்றை மறுநாள் ஆசிரியரிடங் காட்டுவேன்" என்பானாயின், அது சங்கற்பம். காலமுண்டு, செயலுண்டு, எல்லையுமுண்டு.

ஞானத்துக்குக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்கு படி சொல்வர். திருவருள் நெறிக்குரியதைப் பரீட்சைப் படிப்புக்குச் சொல்லலாமோ என்று சிலர் முகஞ் சுளிப்பர். பயிலும் முறை பற்றியே சொல்கின்றோம். இக்காலத்துப் பிள்ளைகள் காலையிலே பாடசாலையிற் கேட்கின்றார்கள். மாலையிலே தனியார் கல்வி நிலையத்திற் கேட்கின்றார்கள். இரவிலே கைத்தொலைபேசியிலும் கேட்கின்றார்கள். கேட்டதையே மூன்றுமுறை கேட்டபின் சிந்தித்தற்குப் பொழுதெங்கே? சேதன இரசாயனத் தாக்கமொன்றைப் புத்தகத்தை மூடிவைத்துத் தானே எழுதிப் பார்த்தலன்றோ சிந்தித்தல்! எழுதுங்கால் எவ்விடத்திலே கை நிற்கின்றதோ, அவ்விடமே அடுத்த நாளின் இலக்காகும். அதனை ஆசிரியரிடம் வினவித் தெளிதல் வேண்டும். ஆதலின், இலக்குக் குறிப்பதாயின் முதலிலே கேட்டலைக் குறைத்துச் சிந்தித்தலுக்கு இடம்விடல் வேண்டுமென்பது நமது துணிபு. கல்வி நிலையத்தார்க்கு இது கசக்கும்.

எல்லார்க்கும் ஓரளவினதாகிய இலக்குப் பொருந்தாது. வீட்டுவேலை முடித்து ஒரு மணித்தியாலமே பெறும் பெண்பிள்ளைக்கு ஒரு மணித்தியாலத்துக்குரிய செயலையே குறித்துக் கொடுங்கள். குறித்தது ஒருநாள் தவறின் கடியாதீர்கள். கிரியையிலே குறைவு நேர்ந்தால் பிராயச்சித்தமுண்டு, கிரியையைக் கைவிடுவாரில்லை. தவறியதைப் பாதியாக்கி மறுநாளுக்குக் குறிப்பித்தலே இதற்குப் பிராயச்சித்தம்.

வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனை முடிந்தபின், ஒவ்வொரு பிள்ளையும் வருகின்ற கிழமைக்குரிய மூன்று செயல்களை நாளும் நேரமுங் குறித்துத் தன் கொப்பியில் எழுதட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அக்கொப்பியை வாங்கிப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். பெற்ற புள்ளியை அன்று வினவாதிருங்கள்.