தீக்ஷையும் சான்றிதழும்

ஒருவன் ஒரு காரியத்துக்குத் தகுதியுடையவன் என்று பெரியோர் ஒருமுறை சொல்லிவிட்டால், அந்தச் சொல் அவன் ஆயுள் உள்ளளவும் செல்லுமா, அல்லது சொன்ன நாளிலிருந்தே மெல்லத் தேயத் தொடங்குமா என்னும் கேள்வியை, ‘அதிகாரி’ யார் என்ற பெயரில் நம் வேதாந்திகளும் சித்தாந்திகளும் நெடுங்காலம் விசாரித்திருக்கிறார்கள். அந்த விசாரணை மடத்துத் திண்ணையோடு முடிந்துவிடுவதன்று என்று நான் எண்ணத் தலைப்பட்டது, 2015-ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர் மாவட்டத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, அங்கே 107.8 மெகாஹெர்ட்ஸில் ‘பேரிடர் கால வானொலி’ என்று ஒரு தற்காலிகப் பண்பலை நிலையம் இயங்கிய செய்தியை அறிந்த பிறகுதான்.

மின்சாரம் போய், தெருவில் தண்ணீர் நிற்க, கையிலிருக்கும் சிறு ரேடியோவோ கைபேசியோ சொல்லும் சொல்லை நம்பி, குழந்தை குட்டிகளோடு இன்ன இடத்துக்குப் போகலாம் என்று ஒரு குடும்பம் தீர்மானிக்கிறதென்றால், அந்த நம்பிக்கை எந்தப் பிரமாணத்தைப் பற்றி நிற்கிறது? அளவைகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது சிவஞான சித்தியார். வானொலியைக் கேட்பவனுக்குக் காண்டல் இல்லை. நிலையத்தை அவன் பார்த்ததில்லை. கருதலுக்கும் இடம் சொற்பமே. எஞ்சுவது உரை ஒன்றுதான். அதாவது, பொய் சொல்லாதவர், அறிந்து சொல்பவர் என்று நாம் கொண்ட ஒருவருடைய வாக்கு. அந்த வாக்கை நமக்குக் கொண்டுவந்து சேர்ப்பவரோ, குரலுக்குரிய அறிவிப்பாளர் அல்லர். பெயரும் முகமும் வெளியே தெரியாத பொறியாளர்.

அவருடைய வேலையில் பிழை நேரும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். 107.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டருக்குச் சிறிது குறைவு. ஆகவே அரை அலை ஆன்டெனா ஒன்றின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். கம்பத்தின் உச்சியில் அந்த ஆன்டெனாவோடு கேபிள் சேருமிடத்தில் கனெக்டரின் மறை சிறிது தளர்ந்து, உள்ளே மழைநீர் இறங்கிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். மேலே சென்ற சக்தியில் ஒரு பங்கு வெளியே பரவாமல் கேபிள் வழியாகவே திரும்பி வருகிறது. நல்ல டிரான்ஸ்மிட்டராயிருந்தால், தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்கிறது. அறிவிப்பாளர் பேசிக்கொண்டேயிருக்கிறார், அவர் காதிலுள்ள ஹெட்போனில் குரல் தெளிவாகவே கேட்கிறது, அறைக்குள் எல்லாம் செவ்வனே நடக்கின்றன. தொலைவிலிருக்கும் கிராமத்தில் மாத்திரம் இரைச்சல். திரும்பி வரும் சக்தியைக் காட்டும் மீட்டரைப் பார்க்கவேண்டும் என்று அறிந்த ஒருவர் இல்லாவிட்டால், கேட்பவர் இல்லாத பேச்சு விடிய விடிய நிகழும்.

இத்தகைய மனிதரை எப்படித் தேர்ந்தெடுப்பது? சென்னையில் 1924-ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று மெட்ராஸ் பிரஸிடென்ஸி ரேடியோ கிளப்பைத் தொடங்கியபோது, அவருக்குச் சான்றிதழ் வழங்கத்தக்கவர் இந்நாட்டில் எவர் இருந்தார்? எந்தப் பரம்பரையிலும் முதல்வருக்குக் குரு அகப்படுவது அரிதுதான். பிற்காலத்தில் அகில இந்திய வானொலி தன் பொறியாளர்களைப் பயிற்றுவிக்க 1948-இல் டில்லியில் ஒரு பயிற்சி நிலையத்தை நிறுவியது. அமெரிக்காவிலோ 1964-இல் தோன்றிய ஒலி-ஒளிபரப்புப் பொறியாளர் சங்கம், 1975 முதல் சான்றிதழ் அளித்து வருகிறது. அச்சான்றிதழுக்கு ஆயுள் ஐந்தாண்டுதான். ஐந்தாண்டு முடிந்ததும் மறுபடி பரீட்சை எழுதலாம். இல்லையேல் வகுப்புகள், கருத்தரங்குகள், எழுதிய கட்டுரைகள் முதலியவற்றால் சேர்த்த புள்ளிகளைக் காட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். நம் நாட்டில் பட்டமும் வேலைக்குச் சேரும்போது எழுதிய தேர்வும் உண்டு. இடையிடையே பயிற்சி வகுப்புகளும் உண்டு. ஆனால் ஒருவருடைய தகுதி காலாவதியாகிவிட்டது என்று சொல்லும் துணிவு இந்தத் தொழிலில் எவருக்கும் இன்னும் வரவில்லை.

இங்கேதான் சமயவாதி ஆக்ஷேபிப்பார். ஞானம் உதித்தபின் மறையுமோ? சிவதீக்ஷை பெற்றவனுக்கு ஐந்தாண்டுக்கொருமுறை தீக்ஷையைப் புதுப்பிக்கிறோமா? தில்லைப் பொன்னம்பலத்தில் பூஜை செய்யும் உரிமை தீக்ஷிதர் குலத்தில் பிறந்து விவாகமும் ஆனவர்க்கு உரியது. அதற்கு யாரும் காலக்கெடு விதிப்பதில்லையே என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் சித்தாந்தமே இதற்கு விடையும் வைத்திருக்கிறது. இறையறிவாகிய பதிஞானம் வேறு, பாசஞானம் வேறு. சொல்லாலும் கருவியாலும் வரும் அறிவு பாசஞானம். கருவி மாறினால் அதுவும் மாறவேண்டியதே. வால்வு டிரான்ஸ்மிட்டரை இயக்கியவர், டியூனிங் குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே பிளேட் கரண்ட் மீட்டரின் முள்ளைக் கவனித்து, அது இறங்கி இறங்கி மறுபடி ஏறப்போகும் அந்த அடிப்புள்ளியில் கையை நிறுத்துவார். விரலும் கண்ணும் ஒன்றாய்க் கற்ற வித்தை அது. இன்றைய டிரான்ஸ்மிட்டரில் அந்தக் குமிழே கிடையாது. பல சிறு மாட்யூல்கள் கூடிச் சக்தியைத் தருகின்றன. ஒன்று பழுதானாலும் ஒலிபரப்பு நிற்பதில்லை, சிறிது குறைகிறது, அவ்வளவுதான். குறைந்ததைத் திரையில் வரும் எண் சொல்லும். ஒலி ஸ்டூடியோவிலிருந்து கணினி வலைப்பின்னல் வழியே வருகிறது. நேற்றைய நிபுணர் இந்த அறையில் நுழைந்தால், தம் விரல்களை எங்கே வைப்பதென்று தேடுவார்.

அவர் தேடினால் பிழையில்லை. தேடவேண்டும் என்பதே தோன்றாமற்போவதுதான் பிழை. உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவத்தை இருளோடு ஒப்பிட்டு, இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தான் இருள் என்பதையேனும் காட்டும், ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்கிறார். தொழிற்கல்வியைப் பற்றி எழுதப்பட்ட எந்த அறிக்கையிலும் இவ்வளவு கூர்மையான கணிப்பை நான் கண்டதில்லை. அறியாமை தன்னை அறியாமையாகக் காட்டிக்கொள்ளுமானால் சான்றிதழுக்குக் காலக்கெடுவே வேண்டியதில்லை. தெரியாதவர் தாமே வகுப்புக்கு வந்துவிடுவார். காட்டிக்கொள்ளாததனால்தான் வெளியிலிருந்து ஒரு கெடு வேண்டியிருக்கிறது.

இதை ஏட்டில் எழுதிவைத்ததோடு நில்லாமல் வாழ்ந்து காட்டியவர்கள் பழைய தென்னார்க்காட்டிலேயே இருந்தார்கள். பண்ணுருட்டிப் பக்கத்துத் திருத்துறையூரைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியர், ஆகமம் அனைத்தும் கற்றமையால் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருக்குக் குலகுரு. அக்களப்பாளரின் மகனாகிய மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் சிறு பிள்ளையாயிருக்கும்போதே மாணாக்கருக்குச் சாத்திரம் சொல்லித்தருகிறார் என்று கேட்டு, அருணந்தியார் அங்கே சென்று, ஆணவமலத்தின் சொரூபம் யாது என்று வினவினார் என்றும், பிள்ளை வாய் திறவாமல், நின்றுகொண்டிருந்த அவரையே சுட்டிக்காட்டிற்று என்றும் மரபு கூறும். குலகுரு அந்தக் கணமே தம் சிஷ்யர் மகனுக்குச் சிஷ்யரானார். கவனிக்கவேண்டியது என்னவென்றால், பின்னர் அவர் சிவஞான சித்தியாரை இயற்றியபோது, முன்பு கற்ற ஆகமம் எதுவும் வீண்போகவில்லை; பன்னிரண்டு சூத்திரமாக இருந்த மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை விரிப்பதற்கு அந்தப் பழைய கல்வியே உதவிற்று. வால்வு காலத்துப் பொறியாளர் எர்த்திங்கைப் பற்றியும் ஆன்டெனாவைப் பற்றியும் அறிந்தவையெல்லாம் இன்றும் உண்மையே. கடற்காற்றின் உப்பு செம்பை அரிப்பது டிஜிட்டல் யுகத்தில் நின்றுவிடவில்லை.

உமாபதியார் வரலாறு இன்னும் கடுமையானது. தில்லை மூவாயிரவருள் ஒருவராய், பூஜை முடிந்து, பட்டப்பகலிலும் தீவட்டி முன்செல்லப் பல்லக்கில் வந்தவரை, தெருத் திண்ணையிலிருந்த மறைஞான சம்பந்தர், பகற்குருடு ஒன்று பட்ட கட்டையில் ஏறிப் போகிறதே என்று இகழ்ந்தார்; அச்சொல்லைக் கேட்டுப் பல்லக்கிலிருந்து குதித்து அவர் பின்னே போய், நெசவாளர் வார்த்த கஞ்சியை அவர் கையேந்திக் குடிக்கையில் முழங்கை வழியே ஒழுகியதை இவர் பிரசாதமாகக் குடித்தார் என்பார்கள். தம் இனத்தார் விலக்கிவைக்க, கொற்றவன்குடியில் போய் இருந்தார். மறுகல்வியை ஏற்றவர் பெற்ற சன்மானம் முதலில் இதுதான். இன்று ஐம்பது வயதுப் பொறியாளர் ஒருவரை, இருபத்தைந்து வயது இளைஞர் நடத்தும் வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்காரச் சொல்லும்போது அவர் முகம் சுண்டுவதை, பல்லக்கிலிருந்து இறங்கிய கதையை அறிந்தவர்கள் நகைக்கமாட்டார்கள்.

புள்ளி சேர்க்கும் முறையைப் பற்றி எனக்கு அவ்வளவு மதிப்பில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். கருத்தரங்குக்கு வந்து, கையெழுத்திட்டு, மதிய போஜனத்துக்குப் பின் கண்ணயர்ந்து, புள்ளியோடு வீடு திரும்புவது, கிரியை உண்டு, சிரத்தை இல்லை என்ற கணக்கில்தான் சேரும். எனினும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற படிகளில் கீழ்ப்படியைச் சித்தாந்தம் இகழ்ந்ததில்லை. சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபின், உத்தியோகத்தில் இருந்துகொண்டே இரவில் பாடப்புத்தகத்தைப் பிரித்தவர்களில் பதவி உயர்வுக்காகப் படித்தவர்களும் ஏராளம். அதற்காகவே படிக்கத் தொடங்கி, படிப்பிலேயே பற்றுண்டாகிவிட்டவர்களும் உண்டு. ஆசையைக் காட்டி உள்ளே அழைத்தாலும், உள்ளே வந்தபின் நடப்பது வேறாகலாம். ஆனாலும், புள்ளிக்கும் பரீட்சைக்கும் இடையே தேர்ந்துகொள்ளச் சொன்னால் நான் பரீட்சையின் பக்கமே நிற்பேன்.

பரீட்சை என்பது குருவுக்கே இழுக்கல்லவா என்று கேட்பவர்களுக்காக, கொற்றவன்குடியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் மற்றொன்றைக் குறிப்பிடவேண்டும். பெற்றான் சாம்பான் என்னும் தாழ்த்தப்பட்ட குலத்தவருக்கு உமாபதியார் தீக்ஷை அளிக்க, அவர் சோதியில் மறைந்தார். மனைவியோ, என் கணவனைச் சுட்டுவிட்டார் என்று அரசனிடம் முறையிட்டாள். அரசன் நேரில் வந்து, தீக்ஷைதான் என்பதற்குப் பிரத்தியக்ஷமான அத்தாட்சி கேட்டான். நான் ஆசாரியன், என்னைச் சோதிக்க நீ யார் என்று அவர் கேட்கவில்லை. அபிஷேக நீர் பாய்ந்த இடத்தில் வளர்ந்திருந்த முள்ளிச் செடிக்கு அதே தீக்ஷையைச் செய்துகாட்டினார், அதுவும் சோதியிற் கலந்தது என்று முடிகிறது கதை. அரசனுக்குச் சாத்திரம் தெரியாது. ஆயினும் குடிமகள் ஒருத்தி வந்து முறையிட்டபோது கேட்கும் கடமை அவனுக்கு இருந்தது. வானொலியை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களின் பொருட்டுக் கேட்கும் கடமையும் அப்படி யாரோ ஒருவருக்கு இருக்கவேண்டும்.

ஆகவே, கடலூர்க் கரையிலோ வேறெந்தக் கரையிலோ சிறு வானொலி நிலையங்களை நடத்துகிறவர்களுக்கு மறுபரீட்சை என்று ஒன்று ஏற்படுமாயின், அதை மண்டபத்தில் வினாத்தாளாக வைக்காமல், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னே, கம்பத்தடியில் வைக்கலாம். கனெக்டரின் மறையைத் தளர்த்திவிட்டு, எங்கே குறை என்று கேட்டால் போதும். கேட்பவர் வயதில் இளையவராக இருந்தால் இன்னும் நல்லது. மீட்டரை நோக்கிக் கண் போகிறதா என்பதைப் பார்ப்பதற்குப் பத்து நிமிஷங்களுக்கு மேல் ஆகாது.