குறைந்த எழுத்தைக் கண்டு சேர்ப்போம்

  

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் காலம் இது. புத்தகங்களுக்கு அட்டையிட்டுப் பெயர் எழுதிப் பையில் அடுக்கி வைத்திருப்பீர்கள். ஆயினும் எல்லாக் குழந்தைகளும் மகிழ்ச்சியோடு பள்ளிக்குச் செல்வதில்லை. சென்ற ஆண்டு மதிப்பெண் குறைந்த பிள்ளை, 'இந்த ஆண்டும் அப்படித்தான் ஆகும்' என்னும் அச்சத்தையும் பையோடு சேர்த்துச் சுமந்து செல்கிறது. அந்தப் பிள்ளைக்கும், அதனை வழியனுப்பி வைக்கும் பெற்றோர்க்கும் சில சொற்கள் கூற விழைகிறோம்.

பள்ளி திறக்கும் நாளையொட்டி, சில நாள் முன்னாகவோ பின்னாகவோ, நம் சமயத்தில் ஒரு திருநாள் வருகின்றது. ஜேஷ்ட மாதத்து வளர்பிறைப் பஞ்சமியாகிய ஸ்ருத பஞ்சமியே அது. அன்று ஆகம நூல்களைப் பீடத்தில் எழுந்தருளச் செய்து வணங்குகிறோம். அத்திருநாளின் வரலாற்றில் நம் குழந்தைகளுக்குரிய பாடம் ஒன்று உள்ளது.

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன், நேமிநாத சுவாமி முக்தியடைந்த கிர்நார் மலையில், சந்திரக் குகையில் தரசேனாசாரியர் வாழ்ந்து வந்தார். செவிவழியாக வந்த ஆகம ஞானம் தம்மோடு மறைந்துவிடுமோ என்று அம்முதிய முனிவர் கவலையுற்றார். தென்னாட்டு முனிவர் சங்கத்திற்கு ஓலை விடுத்து, தகுதியுடைய மாணாக்கரை அனுப்புமாறு வேண்டினார். இளமுனிவர் இருவர் வந்து சேர்ந்தனர். பின்னாளில் புஷ்பதந்தர், பூதபலி என்று பெயர் பெற்றவர்கள் அவர்களே.

ஆசாரியர் உடனே பாடம் தொடங்கவில்லை. ஆளுக்கொரு மந்திரத்தைக் கொடுத்து, இரண்டு நாள் உபவாசமிருந்து ஓதுமாறு பணித்தார். ஒரு மந்திரத்தில் ஓர் எழுத்து மிகுந்திருந்தது. மற்றொன்றில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. அதனை அவர் சொல்லவில்லை. இருவரும் ஓதினர். தேவதைகள் தோன்றின. ஒருத்திக்குப் பல் நீண்டிருந்தது. மற்றொருத்திக்கு ஒரு கண் இல்லை.

அவ்வேளையில் அவ்விருவரும் செய்ததைக் குழந்தைகள் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். 'நமக்குத் தகுதி இல்லை' என்று அவர்கள் ஊர் திரும்பவில்லை. 'குரு தவறாகக் கொடுத்துவிட்டார்' என்று பழி கூறவுமில்லை. தேவதைக்கு இயல்பில் ஊனம் கிடையாது; ஆகவே பிழை ஓதிய மந்திரத்தில்தான் இருத்தல் வேண்டும் என்று தெளிந்தனர். மந்திர இலக்கணத்தைக் கொண்டு ஒவ்வோர் எழுத்தாக ஆராய்ந்து, மிகுந்ததை நீக்கினர், குறைந்ததைச் சேர்த்தனர். மீண்டும் ஓதியபோது தேவதைகள் தம் இயல்பான அழகிய வடிவில் தோன்றின. பின்னர் நடந்தது முழுவதையும் ஒளியாமல் ஆசாரியரிடம் கூறினர். அவர் மனமகிழ்ந்து நல்ல நாளில் ஆகமப் பாடத்தைத் தொடங்கினார்.

அப்பாடமே ஷட்கண்டாகமம் என்னும் பெருநூலாயிற்று. முதல் 177 சூத்திரங்களைப் புஷ்பதந்தர் இயற்றினார். எஞ்சியவற்றை இயற்றி நிறைவு செய்தவர், நம் தமிழ்நாட்டிற்கு வந்து தங்கிய பூதபலி முனிவர். நீங்கள் நாள்தோறும் காலையில் ஓதும் 35 எழுத்துப் பஞ்ச நமஸ்கார மந்திரம் இந்நூலின் தொடக்கத்தில் மங்கலமாக அமைந்திருக்கிறது. ஆகவே, பள்ளிக்குப் புறப்படுமுன் அம்மந்திரத்தை ஓதும்போது, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொண்ட அவ்விருவரையும் நினையுங்கள்.

குழந்தைகளே! ஞானம் என்பது வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பப்படும் பொருளன்று. அது உயிரின் குணம். ஞானாவரணீயம் என்னும் வினை, மேகம் கதிரவனை மறைப்பதுபோல் அதனை மறைக்கிறது, அழிப்பதில்லை. மிகவும் கீழ்நிலையிலுள்ள ஓரறிவு நிகோத உயிரிடத்தும் ஞானத்தின் மிக நுண்ணிய ஒரு பங்கு மறைக்கப்படாமல் எப்பொழுதும் திறந்தே இருக்கிறது என்று நம் ஆகமம் கூறுகிறது. அவ்வாறாயின், ஐம்பொறியும் மனமும் பெற்ற மனிதப் பிள்ளையை 'அறிவில்லாதவன்' என்று எப்படிச் சொல்வது?

இவ்வுண்மையை அறிந்திருந்தும் நாம் ஒருமுறை தவறினோம். ஆசிரியப் பயிற்சி முடித்து, வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பணியேற்ற தொடக்க காலம், ஆண்டு 1974. பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை அன்னம், ஆ முதலாக இல்லிக்குடம், நெய்யரி வரையில் வகுத்துக் காட்டியதைப் பயிற்சிப் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தோம். கற்கும் முறையைக் காட்டும் உவமைகளை, பிள்ளைகளின் நெற்றியில் ஒட்டும் பெயர்ச்சீட்டாக எண்ணிக்கொண்டோம். ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுவன் கணக்கில் ஓயாமல் தவறினான். 'இவன் இல்லிக்குடம், இவனுக்குக் கணக்கு வராது' என்று வகுப்பறையிலேயே கூறிக் கடைசி வரிசையில் அமர்த்தினோம்.

அடுத்த ஜூன் மாதம் அவன் பள்ளிக்கு வரவில்லை. பழைய ஏடுகளை ஒழுங்கு செய்தபோது அவனுடைய கணக்கு ஏடு கையில் கிடைத்தது. 52இலிருந்து 27 போனால் 35 என்று எழுதியிருந்தான். பத்தைக் கடன் வாங்கி, 12இல் 7 போக 5 என்று சரியாகவே கழித்திருந்தான். கடன் கொடுத்த 5ஐ மட்டும் 4 ஆகக் குறைக்கவில்லை. அந்த ஏட்டின் எல்லாக் கழித்தல் கணக்குகளிலும் அந்த ஒரே பிழை. அவன் அறியாதது ஒரு படிதான். ஒவ்வொன்றின்மீதும் சிவப்புக் கோடு இழுத்தவர் நாமே. ஒன்றையேனும் நின்று பார்க்கவில்லை. அவன் வீட்டிற்குச் சென்றோம். தந்தையோடு செங்கல் சூளைக்குச் சென்றுவிட்டதாகக் கூறினர். மறுமுறை சென்றோம். அவன் திரும்பி வரவேயில்லை.

ஞானாவரணீய வினை எதனால் வந்து சேர்கிறது என்பதைத் தத்துவார்த்த சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் விளக்குகிறார். பிறர் கற்பதற்கு இடையூறு செய்வதும் அக்காரணங்களுள் ஒன்று. அச்சிறுவனைத் தாழ்த்தியபோது நம் உயிரின்மீதே ஒரு திரையை இட்டுக்கொண்டோம். அதன்பின் பணி ஓய்வு பெறும் வரை, பள்ளி திறந்த முதல் வாரத்தில் மதிப்பெண் பட்டியலைப் பார்க்குமுன் பிள்ளைகளின் பழைய ஏடுகளைப் பார்ப்பதை நோன்பாகக் கொண்டோம். 'வராது' என்று எண்ணிய பிள்ளைகளில் பலருக்குக் குறைந்திருந்தது ஓர் எழுத்தே என்று அப்போது கண்டோம்.

பெற்றோர்களே! 'மக்கு' என்னும் சொல்லை இல்லத்திலிருந்து இன்றே விலக்குங்கள். அடிக்காதிருப்பது மட்டும் அகிம்சையாகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பழைய ஏட்டை விரித்து, பிள்ளையின் அருகில் அமர்ந்து, எந்த இடத்தில் தடுமாறியது என்று பொறுமையோடு பாருங்கள். உங்களுக்குத் தெரியாவிடில் ஆசிரியரிடம் கேளுங்கள்.

குழந்தைகளே! மதிப்பெண்ணை ஒளிக்க வேண்டாம். அம்முனிவர்கள் குருவிடம் எதையும் ஒளிக்கவில்லை. புரியாததை அன்றே கேளுங்கள். பத்தாம் வகுப்பில் தவறியவர்க்கும் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. தவறியதனால் வாழ்வு முடிந்தது என்று ஒருபொழுதும் எண்ணாதீர்கள். மனம் மிகவும் சோர்ந்தால் தனித்திராமல், தாய் தந்தையரிடமோ ஆசிரியரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். மந்திரம் ஓதியதனால் மட்டும் மதிப்பெண் வந்துவிடாது. அவ்விரு முனிவரும் தம் முயற்சியாலேயே பிழையைத் திருத்தினர். முயற்சி உங்களுடையது, உள்ளே இருக்கும் ஞானமும் உங்களுடையதே.

இந்த ஸ்ருத பஞ்சமியன்று ஆகம நூலின் அருகே உங்கள் பழைய கணக்கு ஏட்டையும் வைத்து வணங்குங்கள். பின்பு அதனைத் திறந்து, குறைந்த எழுத்து எது என்று தேடத் தொடங்குங்கள்.

அருகப் பெருமான் திருவடி வாழ்க! அறம் வளர்க!