கூலி கேட்காதவர் வீடு

கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்த அப்பா இறந்தபோது, துக்கம் கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொன்னார்கள்: "காசுக்குன்னு வேலை பாக்காத மனுஷன், தம்பி." தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள், பால்காரர், ரிட்டயரான வாத்தியார் எல்லாருமே சொன்னார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. அம்மா மட்டும் அந்தப் பேச்சுக்குத் தலையாட்டவில்லை.

அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. பஞ்சர் என்று வந்தால் டியூபில் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் முக்கி, குமிழி கிளம்பும் இடத்தை வந்தவரையே பார்க்க வைப்பார். "ஒரே ஓட்டதான் அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க." ஒரு ஓட்டைக்கு மூன்று ஒட்டுப் போட்டுக் காசு வாங்கும் கடைகளும் இருக்கத்தான் செய்தன. அவருக்குப் பிடித்த வேலை கோட்டம் எடுப்பது. வீலைச் சுழலவிட்டு, ரிம்மை ஒட்டினாற்போல் சாக்பீஸை அசையாமல் பிடிப்பார். எங்கே கோடு விழுகிறதோ அங்கே ரிம் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்துப் போக்ஸ் கம்பியைக் கால் திருகு முறுக்குவார், மறுபடி சுற்றுவார். கோடே விழாமல் ஓடும்வரை விடமாட்டார். அவசரம் என்று யாராவது முனகினால் ஸ்டூலைக் காட்டுவார். இவ்வளவுக்கும் கேட்கும் கூலி, பஞ்சர் கூலியைவிடக் கொஞ்சம் அதிகம்.

வாடகை சைக்கிள் காலம் முடிந்து வருமானம் இறங்கிய பிறகும் அவர் மாறவில்லை. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காக 2001-02-இல் தொடங்கிய அரசின் இலவச சைக்கிள் திட்டம் பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் வந்தது. வண்டி புதுசுதான். ஆனால் நட்டு ஒருபக்கம் ஆடும், பிரேக் பிடிக்காது. பிள்ளைகள் நேரே கடைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். எல்லாவற்றையும் முறுக்கி, ஹேண்டிலை நேராக்கி, காற்றும் அடித்து அனுப்புவார். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைககிட்டயா காசு கேப்பாக?" என்பார். அவருடைய சொந்தப் பிள்ளைகளின் ஃபீஸுக்காக அம்மா ராத்திரி உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்களை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. கடையில் இருந்த நிதானம் வீட்டிலும் இருந்தது. ஆனாலும் அன்றாடம் சம்பாதிக்கிறவர் விட்டுக்கொடுக்கும் கூலி, வீட்டு உலைக்கு வரவேண்டிய அரிசி. அவர் ஊரில் நல்ல பேர் எடுத்தார். அதற்கான செலவை அம்மா ஏற்றாள். அவளிடம் யாரும் கேட்டுக்கொண்டு அதைச் செய்யவில்லை. அதனால்தான், புகழ்ச்சி முழுவதும் ஒரே ஆளுக்குப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறந்தோம். மேஜை டிராயரில் பாக்கி நோட்டு இருந்தது. துக்க வீட்டில் அப்பாவை வாயாரப் புகழ்ந்த சிலர் அதிலும் இருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் அக்கா ஒருத்தி மட்டும், சொல்லியனுப்பாமல் தானாகவே வந்து, நோட்டைப் பார்க்கச் சொல்லி, பணத்தை எண்ணி அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பாவைப் பற்றி அவள் ஒன்றுமே பேசவில்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு சைக்கிள் கடைக்காரரோ தையல்காரரோ இருப்பார். "இருக்கட்டும், பெறகு பாத்துக்கிடலாம்" என்று அவர் சொன்னால் கேட்காதீர்கள். கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.