நோயாளியைக் கட்டி வைக்கலாமா?

வாப்பாவுக்கு வயது 78. நினைவு தடுமாறிவிட்டது. இரவில் எழுந்து வாசற்கதவை நோக்கிப் போகிறார். ஒரு தடவை விழுந்து நெற்றி பிளந்துவிட்டது. அன்றிலிருந்து அவருடைய மகள் பழைய சேலையைக் கிழித்து, வாப்பாவின் கையைக் கட்டிலோடு கட்டிவிட்டுத்தான் தூங்கப் போகிறார். "இது பாவமா?" என்று அந்தச் சகோதரி கேட்டார். ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

பூனையைக் கட்டிப்போட்டு, தானும் தீனி கொடுக்காமல், அது தானாகப் பூச்சி புழுவைத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்ததுதான். கட்டிய நிமிடத்திலிருந்து அந்தப் பூனையின் பசியும் தாகமும் கட்டியவள் பொறுப்பாகிவிட்டன என்பதை இதில் கவனிக்க வேண்டும். வாயில்லாப் பிராணிக்கே இப்படியென்றால், பெற்ற தகப்பனுக்கு எப்படி?

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் நடந்ததை நாம் மறக்கலாகாது. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். 'அவர்களுடைய பாதுகாப்புக்காக' என்பதுதான் பூட்டுகிற எவரும் சொல்லும் காரணம். 1184இல் டமாஸ்கஸைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், அங்குள்ள மருத்துவமனையைப் புகழ்ந்ததோடு, புத்தி பேதலித்தவர்கள் சங்கிலியில் கட்டுண்டு இருந்ததையும் எழுதி வைத்தார். முன்னோர் பெருமை பேசும் நாம் அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அருமை நாயகம் (ஸல்) அவர்களுடைய நோயின்போது, வேண்டாமென்று அவர்கள் சைகை செய்தும், வீட்டார் வாயில் மருந்தை ஊற்றிவிட்டார்கள். நோயாளிக்கு மருந்து கசப்பது சகஜம்தானே என்று எண்ணினார்கள். தெளிவு வந்ததும் நாயகம் அவர்கள் அதை வன்மையாகக் கண்டித்தார்கள். ஊற்றியவர்கள் அன்பில்லாதவர்களா? அன்பினாலும் நோயாளியின் மறுப்பு நம் காதில் விழாமல் போகலாம்.

ஆகவே கட்டுமுன் கேட்க வேண்டியது, இந்தக் கட்டு யாருக்காக என்பது. மூச்சுக்குழாயைப் பிடுங்கப் போகும் கையை ஆஸ்பத்திரியில் சற்றுநேரம் கட்டுவது உயிரைக் காக்க. நாம் தூங்குவதற்காகக் கட்டுவது வேறு. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியை அறவே தடுக்கிறது. மனநல மருத்துவமனைகளில், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல டாக்டரின் அனுமதியோடு, அவசியமான நேரத்துக்கு மேல் போகாமல் கட்டலாம் என்கிறது. தண்டனையாகக் கட்டக்கூடாது. ஆள் பற்றாக்குறை என்ற சாக்கும் செல்லாது.

ஆள் பற்றாக்குறை! அந்தச் சகோதரிக்கு அதே ஊரில் மூன்று அண்ணன் தம்பிகள். ஒருவரும் ஒரு இரவு முறை எடுத்ததில்லை. கட்டியது பாவம் என்றால், அந்தக் கணக்கில் அவர்களுக்கும் பங்குண்டு என்றே நான் சொல்வேன்.

டாக்டர் சொல்லிக் கட்டும்போதும், முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். கட்டுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். நெஞ்சைச் சுற்றிக் கட்டக்கூடாது, குப்புறப் படுக்கவைத்துக் கட்டவே கூடாது. விரல்கள் சில்லிட்டோ நீலம் பாரித்தோ இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறையாவது அவிழ்த்துக் கைகால்களை அசைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, சிறுநீருக்கு அழைத்துப் போக வேண்டும். முக்கியமாக, ஒருவர் விழித்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டிவிட்டுத் தூங்குவதுதான் பேராபத்து. முதியவர் திடீரென்று அதிகம் குழம்பினால், சிறுநீர்த் தொற்றோ சர்க்கரை இறக்கமோ மலச்சிக்கலோ காரணமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம்தான் வேண்டும், கயிறல்ல.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, வாப்பா எத்தனை மணிக்கு எழுகிறார் என்று கேட்டேன். சகோதரி யோசித்துவிட்டு, மூன்று மணி வாக்கில் என்றார். கொல்லைப்புறத்துக் கக்கூஸுக்குப் போன அந்தக்காலப் பழக்கமாம். இப்போது கட்டிலுக்கு அடியில் மெத்தை விரித்து, கதவின் தாழ்ப்பாளை உயரத்தில் பொருத்தியிருக்கிறார்கள். மூன்று மணிக்கு முன்பே எழுப்பி அழைத்துப் போகிறார்கள். வியாழன், வெள்ளி இரவுகளுக்குச் சின்னத் தம்பி வருகிறார். மற்ற இருவரும் இன்னும் வரவில்லை.