எதிரியின் முகமூடிக்குள் யார்?

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், எழுபது வயதைக் கடந்தவர், விடுமுறைக்கு வந்திருந்த பேரனின் வற்புறுத்தலுக்கு இணங்கி, வாழ்க்கையில் முதன்முறையாக ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தைப் பார்க்க அமர்ந்தார். புராணப் படங்களைத் தவிர வேறு எதிலும் நாட்டமில்லாதவர் அவர். விண்கலங்களும் இயந்திர மனிதர்களும் நிறைந்த மேல்நாட்டுக் கேளிக்கை ஒன்றில் தமக்கு என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணமே அவருக்கு இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து எழுந்தபோது ஒரு கேள்வி அவர் மனத்தில் தங்கிவிட்டது. அதை எழுப்பியவன் பேரன்.

படத்தின் இறுதியில் ‘டெத் ஸ்டார்’ என்னும் மாபெரும் போர்க்கோளம் வெடித்துச் சிதறுகிறது. பேரன் கைதட்டினான். தாத்தாவும் தம்மை அறியாமல் கைதட்டினார். சற்று நேரம் கழித்துப் பேரன் கேட்டான்: “தாத்தா, அதற்குள் இருந்த எல்லோருமே கெட்டவர்களா?”

ஆசிரியரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

முதல் பார்வையில்

ஜார்ஜ் லூகாஸ் எழுதி இயக்கிய இப்படம் 1977-ஆம் ஆண்டு மே 25 அன்று அமெரிக்காவில் வெளியானது. கதை எளியது. பாலைவனக் கோள் ஒன்றில் மாமன் வீட்டில் வளரும் லூக் என்னும் இளைஞன், முதியவரான ஓபி-வான் கெனோபியைக் குருவாகப் பெறுகிறான். கொடுங்கோல் பேரரசு ஒன்று, தன்னை எதிர்ப்போரை அச்சுறுத்துவதற்காக ஆல்டெரான் என்ற கோளையே மக்களோடு சேர்த்து அழிக்கிறது. அந்த அழிவுக் கருவியை லூக் தகர்க்கிறான்.

முதன்முறை பார்ப்பவரின் உள்ளத்தில் மூன்று காட்சிகள் பதிகின்றன. முதலாவது, கரிய உடையும் முகமூடியும் அணிந்து, கேட்போர் நடுங்கும்படி மூச்சுவிட்டபடி வரும் டார்த் வேடரின் தோற்றம். இராவணனையும் கம்சனையும் மேடையில் கண்டவர்களுக்கு இவன் யார் என்று விளக்கத் தேவையில்லை. இரண்டாவது, அவனுடன் வாட்போர் புரியும் முதிய குரு திடீரென்று போரை நிறுத்தி, வாளைத் தம் முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தபடி, வெட்டை அமைதியாக ஏற்கும் காட்சி. மூன்றாவது, இறுதித் தாக்குதலில் குறிபார்க்கும் கருவியை அணைத்துவிட்டு, எங்கும் நிறைந்த ‘ஃபோர்ஸ்’ என்னும் பேராற்றலிடம் தன்னை ஒப்படைக்கும் லூக்கின் நிலை.

இரண்டாவது காட்சியே ஆசிரியருக்குப் புதிராக இருந்தது. நன்மையின் பக்கம் நிற்பவர் ஏன் வாளை நிறுத்தினார்? அதே பக்கம் நிற்கும் சீடன் ஏன் கோளத்தைத் தகர்த்தான்? இரண்டும் சரியாக இருக்க முடியுமா?

ஒரு பழைய தொடர்பு

இத்தகைய கேள்விகள் இப்படத்தில் எழுவது தற்செயல் அன்று. கதையை உருவாக்கும்போது, ஜோசப் காம்பெல் என்ற அறிஞர் 1949-இல் வெளியிட்ட ‘ஆயிரம் முகங்கள் கொண்ட வீரன்’ என்னும் நூல் தமக்குத் துணைபுரிந்ததாக லூகாஸ் கூறியிருக்கிறார். பல நாட்டுப் புராணங்களின் வீரர்களையும் ஒப்பிட்டு ஆராயும் நூல் அது. அதே காம்பெல், நியூயார்க் ராமகிருஷ்ண-விவேகானந்த மையத்தில் சுவாமி நிகிலானந்தருக்கு உதவியாக இருந்தவர். 1942-இல் வெளியான ஸ்ரீராமகிருஷ்ணரின் அமுத மொழிகளது ஆங்கில மொழிபெயர்ப்பைச் செம்மைப்படுத்துவதில் அவர் பங்காற்றினார். சுவாமிகள் தமது முன்னுரையில் அவருக்கு நன்றி தெரிவித்துள்ளார். இதனாலேயே படம் வேதாந்தம் பேசுகிறது என்று சொல்லிவிடலாகாது. எனினும், அதன் பின்னணியில் நம் மண்ணின் சிந்தனையை நெருங்கி அறிந்த ஒருவரின் உழைப்பு உண்டு என்பது உண்மை.

குகைக்குள் கண்ட முகம்

அடுத்த இரு ஞாயிற்றுக்கிழமைகளிலும் தாத்தாவும் பேரனும் தொடர்ந்து வந்த இரு படங்களையும் பார்த்தனர். 1980-இல் வெளியான இரண்டாம் படத்தில் லூக், யோடா என்னும் சிற்றுருவம் கொண்ட முதிய குருவிடம் பயிற்சி பெறுகிறான். ஓர் இருண்ட குகைக்குள் அவன் செல்ல வேண்டியிருக்கிறது. ஆயுதம் தேவையில்லை என்று குரு உணர்த்தியும் அவன் அதை எடுத்துச் செல்கிறான். உள்ளே டார்த் வேடரின் உருவம் எதிர்ப்படுகிறது. லூக் அதன் தலையை வெட்டி வீழ்த்துகிறான். முகமூடி சிதறுகிறது. உள்ளே தெரிவது அவனுடைய முகமே.

பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் ஒரு கேள்வி கேட்கிறான். மனிதன் விரும்பாவிட்டாலும், யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் பாவத்தில் விழுகிறானே, அவனைத் தள்ளுவது எது என்பது அக்கேள்வி. எதிரே துரியோதனன் படையுடன் நிற்கிறான். ஆயினும் கண்ணபிரான் அவன் பெயரைச் சொல்லவில்லை. ரஜோகுணத்தில் பிறக்கும் காமத்தையும் குரோதத்தையுமே பகைவர் என்று சுட்டுகிறார். வெளியே நிற்கும் பகைவன் மறுக்க முடியாதவன். ஆனால் அவனை எதிர்க்கும் வேகத்தில் அவனுடைய குணமே நமக்குள் குடியேறிவிடக் கூடும். குகைக் காட்சி உணர்த்துவதும் இதையே.

ஆசிரியர் அன்று இரவு நெடுநேரம் உறங்கவில்லை. அவருக்கும் அவருடைய தம்பிக்கும் இடையே ஒரு சொத்து வழக்கு நடந்து முடிந்திருந்தது. நியாயம் அவர் பக்கமே இருந்தது. நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வந்து பல ஆண்டுகள் ஆகியும், தம்பியிடம் சொல்ல வேண்டிய கடுமொழிகளை அவர் மனம் தினமும் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வழக்கு முடிந்துவிட்டது, போர் முடியவில்லை.

அன்பிலிருந்து பிறக்கும் சினம்

வேடர் தன் தந்தையே என்று இரண்டாம் படத்தின் முடிவில் லூக் அறிகிறான். 1983-இல் வந்த மூன்றாம் படத்தில் பேரரசனின் முன்னிலையில் தந்தையும் மகனும் மோதுகின்றனர். லூக் போரிட மறுத்து ஒதுங்குகிறான். அப்போது வேடர், லூக்கின் சகோதரியைத் தீயவழிக்குத் திருப்பிவிடப் போவதாக மிரட்டுகிறான். அந்தக் கணத்தில் லூக் வெகுண்டு எழுகிறான். அடிமேல் அடியாகத் தாக்கித் தந்தையின் வலக்கையை வெட்டி வீழ்த்துகிறான்.

இச்சினம் பொறாமையிலோ பேராசையிலோ பிறந்ததன்று. சகோதரியின்மீது கொண்ட அன்பிலிருந்து பிறந்தது. ஆகவேதான் அது அபாயமானது. தவறான சினத்தை மனிதன் என்றேனும் அடையாளம் கண்டுகொள்வான். நியாயமான சினத்துக்கோ அவன் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்துவிடுகிறான். 1999 முதல் 2005 வரை வெளியான முன்கதைப் படங்கள் மூன்றும் வேடரின் வீழ்ச்சியை இவ்வாறே காட்டுகின்றன. தாயை இழந்த துயரமும், மனைவியை இழந்துவிடுவோமோ என்ற அச்சமுமே அவனை அழிவுப் பாதையில் செலுத்தின. பற்றிலிருந்து ஆசையும், ஆசையிலிருந்து சினமும், சினத்திலிருந்து மதிமயக்கமும், இறுதியில் அழிவும் விளைவதைக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் படிப்படியாக விளக்குகிறது. திருவள்ளுவரும் வெகுளாமையைத் துறவறவியலில் தனி அதிகாரமாகவே வைத்தார்.

பேரரசன் மகிழ்ந்து, தந்தையைக் கொன்று அவனுடைய இடத்தை ஏற்குமாறு லூக்கைத் தூண்டுகிறான். வெட்டுண்ட தந்தையின் கை ஓர் இயந்திரக் கை. முந்தைய போரில் தன் கையை இழந்த லூக்குக்கும் இருப்பது இயந்திரக் கையே. அவன் அதைப் பார்க்கிறான். மீண்டும் தந்தையைப் பார்க்கிறான். குகையில் கண்ட முகம் இப்போது விளங்குகிறது. வாளை வீசி எறிந்துவிடுகிறான்.

அர்ஜுனனும் வில்லைக் கீழே வைத்தானே?

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனும் வில்லைக் கீழே போட்டான். அவனை மட்டும் ஏன் எழுந்து போரிடச் சொன்னார் பகவான்?

செயல் ஒன்றுபோல் தோன்றினாலும் மனநிலை வேறு. அர்ஜுனனின் கை சோர்ந்தது மயக்கத்தினால். கடமையைக் கண்டு கலங்கிய உள்ளம் அந்தக் கலக்கத்துக்குக் கருணை என்று பெயரிட்டுக் கொண்டது. லூக்கோ வெற்றியின் உச்சியில் நின்று, வெட்டும் வலிமை கையில் இருக்கும்போதே நிறுத்தினான். 1895-96 குளிர்காலத்தில் நியூயார்க்கில் நிகழ்த்திய கர்மயோகச் சொற்பொழிவுகளில் சுவாமி விவேகானந்தர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கினார். எதிர்க்கும் ஆற்றல் உள்ளவன் எதிர்க்காதிருப்பதே மேன்மை. ஆற்றல் அற்றவனின் அமைதியை அவ்வாறு கொள்ளலாகாது என்பது அவர் கருத்து. ஸ்ரீராமகிருஷ்ணர் சொன்ன பாம்பின் கதையும் இதனோடு இயைவதே. கடிக்க வேண்டாம் என்றுதான் பிரம்மசாரி பாம்புக்கு உபதேசித்தார். சீறக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

எனவே, கீதை போரிடச் சொல்வதும் லூக் வாளை எறிவதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. மனக்கொதிப்பு நீங்கிப் போரிடுமாறு அர்ஜுனனுக்குக் கட்டளை. அக்கொதிப்பு தன்னை ஆட்கொண்டுவிட்டது என்று உணர்ந்தவன் முதலில் செய்ய வேண்டியது நிறுத்துவதே.

வாளை எறிந்ததால் லூக்குக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்பதையும் படம் நேர்மையாகக் காட்டுகிறது. பேரரசன் அவனை மின்னலால் வதைக்கிறான். வெளியே போர் தொடர்கிறது; இரண்டாவது போர்க்கோளமும் ஆயுதங்களாலேயே தகர்க்கப்படுகிறது. சினத்தை விட்டதால் உலகின் தீமை மறைந்துவிடவில்லை. மகன் துடிப்பதைக் கண்ட வேடரின் உள்ளத்தில் தந்தை விழித்துக்கொள்கிறான். பேரரசனைத் தூக்கி ஆழத்தில் எறிந்து, அக்காயத்தால் தானும் இறக்கிறான். லூக்கின் வாள் அவனைக் கொன்றிருந்தால் இந்த விழிப்புக்கு இடமே இருந்திராது.

பேரனுக்குச் சொன்ன பதில்

மூன்றாம் படம் முடிந்ததும் ஆசிரியர் பேரனை அருகில் அழைத்துச் சொன்னார்: “அன்று நீ கேட்டாயே, அதற்குள் இருந்த எல்லோருமே கெட்டவர்களா என்று? இருந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கோளத்தைத் தடுக்காமல் விட்டிருக்கவும் முடியாது. விட்டிருந்தால் இன்னொரு கோளும் அழிந்திருக்கும். லூக் செய்தது கடமை. ஆனால் நாம் இருவரும் கைதட்டினோமே, அதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.”

கடமை சில சமயம் கடுமையான செயலைக் கேட்கும். காவலரும் நீதிபதியும், குழந்தையைக் கண்டிக்கும் தாயும்கூட அதற்கு விலக்கல்லர். அச்செயலோடு வெறுப்பும், அதன் பின் வரும் களிப்பும் கடமையின் பகுதி ஆகா. அவை கர்த்தா தனக்குத் தானே கட்டிக்கொள்ளும் தளைகள். செய்ய வேண்டியதைச் செய்தபின் மனம் அடங்குகிறதா, அல்லது இன்னும் வெட்டிக்கொண்டே இருக்கிறதா என்பதைக் கொண்டு, போரிட்டது தர்மமா சினமா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே சோதித்தறியலாம்.

தம்பி மகளின் திருமண அழைப்பிதழ் ஒரு வாரமாக ஆசிரியரின் மேசைமேல் பிரிக்கப்படாமல் கிடந்தது. அன்று மாலை அவர் அதைப் பிரித்தார். தேதியைப் பார்த்துக்கொண்டு, ரயில் புறப்படும் நேரத்தைப் பார்த்துச் சொல்லும்படி பேரனிடம் கூறினார்.