கடைசிச் சுற்று எதற்கு?



வெற்றி பெற வழியே இல்லாத ஒரு காரியத்தில் ஒரு மனிதன் தன் பணத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் செலவிடுவது சரியா, பிழையா? எமது இளைஞர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். பெரியவர்களிடம் கேட்டால் யோசிக்காமலே 'பிழை' என்பார்கள். இரண்டு பதிலிலும் அவசரம் இருப்பதாக எமக்குத் தோன்றுகிறது. ஆகவே இம்முறை ஒரு விளையாட்டை முன்வைத்து இதனைச் சற்று ஆராய்வோம்.

அந்த விளையாட்டின் பெயர் சைக்ளோகுரொஸ். எம்மவரில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். துவிச்சக்கரவண்டிப் பந்தயத்தில் இது ஒரு வகை. செப்டெம்பரில் தொடங்கி பெப்ரவரி வரை, அதாவது நாம் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் முடங்கியிருக்கும் மாதங்களில் நடப்பது. பூங்காவிலோ, பள்ளிக்கூட மைதானத்திலோ, பண்ணைக் காணியிலோ ஏறக்குறைய 3 கிலோமீற்றர் நீளமான பாதையொன்றை நாடா கட்டி வளைத்தெடுப்பார்கள். புல், சேறு, மணல், மேடு, படிக்கட்டு எல்லாம் அதில் வரும். போதாதென்று 40 சென்ரிமீற்றர் வரை உயரமான பலகைகளையும் குறுக்கே நட்டு வைப்பார்கள். ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்டலாம். முடியாத இடத்தில் இறங்கி, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். சுற்றி வந்து மீண்டும் அதே சேற்றில் இறங்க வேண்டும்.

இதனைத் தொடங்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். டானியேல் கூசோ என்ற இராணுவ வீரர் 1902இல் பிரான்சின் முதலாவது தேசியப் போட்டியை நடத்தினார். 1910இல் பிரான்சைச் சுற்றும் பெரிய பந்தயத்தில் வென்ற ஒக்தாவ் லப்பீஸ், குளிர்கால சைக்ளோகுரொஸ் பயிற்சியே தனக்குக் கைகொடுத்தது என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களின் கவனம் இதன்பால் திரும்பியது. முதலாவது உலகப் போட்டி 1950இல் பாரிசில் நடந்தது. இன்று இதன் தாய்வீடு பெல்ஜியம். அங்கே மக்கள் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி, மழையில் நின்று, உருளைக்கிழங்குப் பொரியலும் பியருமாக ஒரு திருவிழாவே நடத்துகிறார்கள். பெல்ஜியத்தின் எரிக் டி விளேமிங்க் என்பவர் 7 தடவை உலகப் பட்டம் வென்றார். 2025 பெப்ரவரியில் நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல் அந்த எண்ணிக்கையை எட்டிப் பிடித்தார்.

ஆனால் நாம் பேசப்போவது இவர்களைப் பற்றி அல்ல. நாம் வாழும் யோர்க்ஷயரில், எமது தெருவிலேயே, இந்த விளையாட்டில் ஈடுபட்டுள்ள ஓர் ஆங்கிலேயர் இருக்கிறார். கொதிகலன் திருத்துவது அவர் தொழில். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு பருவத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று பந்தயங்களில் ஓடுவார். அறுபது பேர் புறப்பட்டால் நாற்பதாவது ஆளாக வருவார். முப்பத்தெட்டாவதாக வந்த வாரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! பிள்ளைக்கு ஏ லெவலில் நல்ல பெறுபேறு வந்த எம்மவர் முகம்போல இருக்கும்.

வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவருக்கு அதே நினைப்புத்தான். ரயருக்கு 25 இறாத்தல் காற்றா, 23 இறாத்தலா என்பதை வேலிக்கு மேலால் எம்மிடம் விளக்குவார். காற்றுக் குறைந்தால் சேற்றில் பிடிப்பு அதிகம். அதிகம் குறைத்தாலோ கல்லில் அடிபட்டு ரயர் போய்விடும். சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று எமது அம்மாமார் வாதாடுவது போன்ற விடயம் இது. அளவு சொல்லலாம், கைப்பக்குவம் சொல்ல முடியாது. பின்னேரங்களில் பெல்ஜியப் பந்தயங்களைப் பார்ப்பார். வர்ணனை பிளெமிஷ் மொழியில் போகும். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் சத்தத்தைக் குறைக்க மாட்டார். மிகுதி நேரத்தில் லீக்ஸ் வளர்க்கிறார். அதிலும் அவர் பரிசு வாங்கியதாக நாம் அறியோம்.

இனி விடயத்துக்கு வருவோம். இங்குள்ள உள்ளூர்ப் பந்தயங்களில் ஒரு வழக்கம் உண்டு. பந்தயம் தூரத்தால் அல்ல, நேரத்தால் அளக்கப்படுகிறது. இவருடைய வயதுப் பிரிவினருக்குச் சுமார் 40 நிமிடம். முதலாவதாக வருபவர் கடைசிச் சுற்றை முடித்துக் கோட்டைத் தாண்டியதும், அவருக்குப் பின்னால் கோட்டை அடையும் ஒவ்வொருவருக்கும் பந்தயம் முடிந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்றுப் பின்தங்கியவர்களையும் அப்படியே சேர்த்து இடம் கொடுப்பார்கள். சர்வதேசப் போட்டிகளில் இந்தத் தயவு கிடையாது. முதலாமவரின் ஒரு சுற்று நேரத்தில் 80 வீதத்துக்கு மேல் பின்தங்கினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். உள்ளூரில் எவரையும் அனுப்புவதில்லை.

இதில்தான் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. முதலாமவர் கடைசிச் சுற்றின் முடிவை நெருங்கிக்கொண்டிருக்கிறார். எமது அயலவர், ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றுப் பின்தங்கியவர், அவருக்குச் சற்று முன்னால் அதே கோட்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறார். கால் மரத்துவிட்டது. மூச்சு வாங்குகிறது. முதலாமவருக்கு முன்பே இவர் கோட்டைத் தாண்டினால் இன்னும் ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். ஒன்பது நிமிடம், தன்னந்தனியே, அதே சேற்றில். பத்து விநாடி தாமதித்து அவரை முன்னே விட்டால் அத்தோடு முடிந்தது. இவருக்கு முன்னால் போனவர் எட்டாத தூரத்தில் இருக்கிறார். பின்னால் வருபவரும் மிகத் தூரத்தில் இருக்கிறார். எப்படிச் செய்தாலும் இவர் நாற்பதாவதுதான்.

இந்த நிலையில் பலர் கடைசி வளைவில் மெல்லப் பிரேக்கைப் பிடிப்பார்களாம். சிலர் சப்பாத்தைச் சரிசெய்வதுபோலக் குனிவார்களாம். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் சிரிப்பார்கள். தடுக்க விதி எதுவும் இல்லை. அப்படியானால் இதில் பிழை ஏதும் உண்டா?

பிழையில்லை என்பவர்களின் வாதம் சாதாரணமானதல்ல. யாருக்கு என்ன நட்டம் என்று அவர்கள் கேட்பார்கள். கோட்டடியில் மழையில் நின்று இலக்கங்களை எழுதும் தொண்டருக்கு ஒன்பது நிமிடம் மிச்சம். அடுத்த பந்தயத்துக்காகக் குளிரில் காத்திருப்பவர்களுக்கும் மிச்சம். மேலதிக வண்டியைப் பிடித்துக்கொண்டு திருத்துமிடத்தில் நிற்கும் மனைவிக்கோ பெரிய மிச்சம். விடாமுயற்சி என்று நாம் புகழ்வது பல வேளைகளில் மற்றவர்களின் நேரத்தைத் தின்னும் பிடிவாதம்தான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எமது கூட்டங்களில் நன்றியுரை நிகழ்த்துபவர்களைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

ஆயினும் அந்தக் குனிவை யோசித்துப் பாருங்கள். தொண்டருக்கு இரங்கி நிறுத்துபவர் வெளிப்படையாக நிறுத்தலாம். ஓரமாக ஒதுங்கி, கையைக் காட்டி, 'நீ போ' என்று முதலாமவருக்கு வழிவிடலாம். அது நல்ல பண்பும்கூட. சப்பாத்துக்கு ஒன்றுமில்லாதபோது எதற்காகக் குனிய வேண்டும்? யாரிடமிருந்து எதை மறைக்கிறார்? பார்ப்பவர்களிடமிருந்து மறைக்க முடியாது, அவர்களுக்குத் தெரியும். ஆகவே அது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொய்தான். நிறுத்துவதில் குற்றம் இல்லை என்றே நாம் கருதுகிறோம். குற்றம் அந்த நடிப்பிலேயே இருக்கிறது.

வெல்லக்கூடியவர்களுக்கே ஏமாற்றும் ஆசை வரும், வெல்ல முடியாதவனுக்கு நேர்மை சுலபம் என்று சிலர் சொல்வார்கள். பெரிய இடத்தில் நடந்ததைப் பார்த்தால் அது உண்மைபோலவும் தோன்றும். 2016 ஜனவரியில் பெல்ஜியத்தின் சோல்டர் நகரில் உலகப் போட்டி நடந்தபோது, 19 வயதான வீராங்கனை ஒருவரின் மேலதிக வண்டிக்குள் ஒரு சிறு மின்மோட்டார் ஒளித்துவைக்கப்பட்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. உலகப் போட்டியொன்றில் இப்படி அகப்பட்டது அதுவே முதல் தடவை. அந்த வண்டி தன்னுடையதல்ல என்று அவர் கூறினார். ஆயினும் 6 ஆண்டுத் தடையும் 20,000 சுவிஸ் பிராங்க் தண்டமும் விதிக்கப்பட்டன. பெயரும் பணமும் கிடைக்கும் இடத்தில் மோட்டார் வருகிறது. எமது அயலவரின் வண்டிக்குள் மோட்டார் வைக்க யாருக்கு என்ன வந்தது?

ஆனால் கடைசி வளைவு காட்டுவது வேறொன்று. பரிசே இல்லாத இடத்திலும் சோதனை வருகிறது, அளவில்தான் சிறியது. பெரிய சோதனைக்கு முகம் கொடுக்கும் வாய்ப்பு எம்மில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் வரப்போவதில்லை. வருமான வரிப் படிவத்தில் ஒரு சிறு பெட்டி, வேலைத்தலத்தில் பத்து நிமிடம், வீட்டில் ஒரு சின்ன மறைப்பு என்று எமக்கு வருவதெல்லாம் சப்பாத்துக்குக் குனியும் அளவானவையே.

இனி, முதலில் கேட்ட பயன் பற்றிய கேள்வி. அமெச்சூர் என்ற சொல்லை நாம் இன்று 'அரைகுறை' என்ற பொருளில் பாவிக்கிறோம். அதன் வேர் நேசிப்பது என்ற பொருளுடைய லத்தீன் சொல். இந்த விளையாட்டிலேயே 1967 முதல் 1993 வரை அமெச்சூர்களுக்கென்று தனியாக ஓர் உலகப் பட்டம் இருந்தது. அப்போது அது வெட்கப்படும் பெயரல்ல. எமது பிள்ளைகளை நாம் வயலினுக்கும் நடனத்துக்கும் அனுப்புகிறோம். தரப் பரீட்சை முடிகிறது, அரங்கேற்றமும் நடக்கிறது, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்கிறது. அதன்பின் வயலின் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறது. ஐம்பது வயதில், யாரும் கேளாதபோதும், சுமாராக வாசித்துக்கொண்டிருக்கும் ஒருவரை எமது சமூகத்தில் காண்பது அரிது. பலன் கருதாத செயல் என்று நாம் மேடையில் பேசுவோம். அயலவர் பலன் கருதாதவர் அல்லர். முப்பத்தெட்டாவது இடத்தை அவர் மனதார விரும்புகிறார். அந்தப் பலன் சந்தையில் செல்லாது என்பது மட்டுமே வித்தியாசம்.

ஆனால் ஒருவரின் நேசத்துக்கு மற்றவர்கள் எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதையும் கேட்க வேண்டும். 2015 ஜனவரியில் அமெரிக்காவின் தேசியப் போட்டி ரெக்சஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரப் பூங்காவொன்றில் நடந்தது. மழையால் நிலம் சேறாகி, பழைய மரங்களின் வேர்கள் பாதிக்கப்படும் என்று நகரப் பூங்காத் திணைக்களம் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையன்று போட்டியை நிறுத்திவிட்டது. நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவர்கள் கொதித்தார்கள். பின்பு பேச்சு நடந்து, மிகுதிப் பந்தயங்கள் மறுநாள் நடந்தன. விளையாட்டுக்காரர்களின் கோபம் எமக்கு விளங்குகிறது. ஆயினும் மரம் எந்தச் சுற்றிலும் ஓடச் சம்மதித்ததில்லை.

மனிதர் விடயத்தில் இங்குள்ள கழகங்கள் ஒரு நல்ல வழி வைத்திருக்கின்றன. பந்தயங்களை நடத்துவது ஓடுபவர்களின் கழகங்களேதான். ஒரு வாரம் ஓடுபவர் இன்னொரு வாரம் விடியற்காலையில் வந்து முளை அடித்து நாடா கட்டுவார். முடிந்தபின் புல்லைச் சீர் செய்வார். அயலவரும் ஆண்டில் இரண்டு ஞாயிறு அப்படி நிற்கிறார். அந்த இரண்டு நாளும் இலக்கம் எழுதும் பலகையோடு நனைந்தபடி நின்றிருப்பதால், கடைசியாக வருபவருக்காகக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். மனைவியின் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. தான் திருத்துமிடத்தில் நிற்பது சைக்கிளை நேசித்து அல்ல என்று அந்த அம்மையார் எமது வீட்டுக்காரியிடம் சொன்னாராம். பெப்ரவரிக்குப் பிறகு வரும் ஞாயிறுகள் எல்லாம் தன்னுடையவை என்று பேசி வைத்திருக்கிறாராம்.

சென்ற பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் அந்த வளைவில் என்ன செய்தீர்கள் என்று நாம் அவரிடம் கேட்டோம். இரண்டு முறை நிறுத்தியிருக்கிறேன், நான்கு முறை தாண்டிப் போயிருக்கிறேன் என்று முழுப் பருவத்துக்கும் சேர்த்துக் கணக்குச் சொன்னார். ஏன் என்றோம். நான்கு முறை போனது யாரும் இல்லாத பாதையைப் பார்க்கத்தானாம். எல்லோரும் போனபின் சேறு முழுதும் அறுபது பேரின் தடம் கிடக்கும். எந்தத் தடத்தில் சில்லை விட்டால் வழுக்காது என்பது அப்போதுதான் தெரியுமாம்.

அவருக்குப் பின்னால் ஓடும் எமது பிள்ளைகள் வளைவில் என்ன செய்வார்கள் என்று அறிய ஆவல். பத்து முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள், 'நான் நிறுத்துவேனா, தாண்டுவேனா' என்று ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி அனுப்பினால் அடுத்த மடலின் ஆங்கிலப் பகுதியில் வெளியிடுவோம். தமிழில் எழுதுபவர்களுக்கு இந்தப் பக்கத்திலேயே இடமுண்டு.