பரிசளிப்பவர் யார்?

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்குகையில், உற்றாருக்கு எதைப் பரிசளிக்கலாம் என்று கடை கடையாய்த் தேடுகிறோம். தொலைநாட்டுப் பொருள்களின் நடுவே, நம் நெல்லைச் சீமையின் பத்தமடைப் பாய் கண்ணில் படும்போது மனம் மகிழ்கிறது. அம்மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் எழ வேண்டும்.

தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மெல்லிய இழைகளாக்கிச் சாயமேற்றி, பருத்தி நூற்பாவில் ஒவ்வொன்றாய்க் கோத்து நெய்கின்றனர். நெய்வோருள் பலர் இசுலாமியப் பெண்கள். பட்டுப்போல் மடியும் நுண்பாய் ஒன்றை முடிக்க நாள்கள் பல, ஏன், வாரங்களே ஆகும்.

விலை அச்சிட்ட பெட்டிக்கு மறுபேச்சின்றிப் பணம் தருவோர், பாயைக் கண்டதும் ‘வெறும் புல்தானே’ என்று பேரம் பேசுவதுண்டு. புல் மலிவுதான், ஆனால் நாம் வாங்குவது ஒருவரின் உழைப்பு நாள்களை. பேரத்தின் சுமை பெரும்பாலும் அவர் கூலியின் மேல்தான் விழுகிறது. அவ்வாறு மிச்சம் பிடித்து வழங்கும் அன்பளிப்பை அளித்தவர் நாமா, அவரா?

உழைப்பின் மதிப்புக்கு அடிப்படை வேலையின் வகை அன்று, அதைச் செய்பவர் மனிதர் என்பதே என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் தம் திருமடலில் கற்பித்தார்.

நம் கையிருப்பு சிறிதெனில் சிறிய பாயை வாங்குவோம். நெய்தவரின் கூலியைச் சிறிதாக்க வேண்டா.